கண்ணீர்க் கதையைக் கேட்காதீர்கள், தெரிந்ததைக் கேளுங்கள்

வறுமையிலும் ஆதரவற்ற நிலையிலும் வளரும் குழந்தைகளுக்கு ஆசிரியர்களைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கும், அவர்களுக்குப் பயிற்சி தருபவர்களுக்கும்,

வணக்கம்.

ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்து, பாடம் நடத்துபவரைக் கவனித்து, பிறகு அவரோடு பேசுவேன். உங்கள் தேர்வுக் குழுக்களிலும் அவ்வப்போது உட்கார்ந்திருக்கிறேன். அந்த அறைகளில் ஒரு கேள்வி தவறாமல் வரும்: "உங்க பின்னணியைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்க." எதிரே இருப்பவர் முதலில் தயங்குவார். பிறகு அப்பாவின் குடி, அம்மா வேலைக்குப் போன வீடுகள், பாதியில் நின்ற படிப்பு என்று சொல்லத் தொடங்குவார். மேசைக்கு இந்தப் பக்கம் யாராவது கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்கள். "ரொம்ப இன்ஸ்பயரிங்கா இருக்கு" என்பார் ஒருவர். மதிப்பெண் தாளில் ஏதோ ஓர் எண் விழும். அடுத்த கேள்வி பாடத்திட்டத்தைப் பற்றியதாக இருக்கும்.

அந்தக் கேள்வி மட்டும் என் குறை அல்ல. அதைத் தொடர்ந்து வரவேண்டிய கேள்வி வருவதில்லை என்பதுதான் பெரிய குறை. "சரி, அப்படி வளர்ந்ததால் ஒரு குழந்தையைப் பார்த்ததும் உங்களுக்கு என்ன தெரிகிறது?" என்று நாம் கேட்பதே இல்லை. கேட்டால் பதில் வரும். பல நேரம் அது நம் பயிற்சிக் கையேடுகளில் எங்கும் இல்லாத பதிலாக இருக்கும். சில நேரம் ஆபத்தான பதிலாகவும் இருக்கும். அதையும் வேலைக்கு எடுக்கும் முன்பே தெரிந்துகொள்வது நல்லதுதானே?

நான் பார்த்த ஒரு வகுப்பைச் சொல்கிறேன். நான்காம் வகுப்பு, கணக்குப் பாடம். ஒரு பையன் நோட்டு கொண்டுவரவில்லை. "மறந்துட்டேன்" என்றான். இந்த இடத்தில் ஆசிரியர்கள் வழக்கமாகச் செய்வது நமக்குத் தெரியும். திட்டுவார்கள், எழுப்பி நிற்க வைப்பார்கள், கொஞ்சம் நல்ல மனசுக்காரர் என்றால் பக்கத்துப் பிள்ளையிடம் ஒரு தாள் கிழித்துத் தரச் சொல்வார்கள். அந்த ஆசிரியை எதுவும் செய்யவில்லை, பாடத்தைத் தொடர்ந்தார். ஏனென்றால் முந்தின வாரமே அவனுடைய நோட்டை அவர் பார்த்திருக்கிறார். ஓரக் கோட்டுக்கு வெளியே, தலைப்புக்கு மேலே, பின் அட்டையின் உட்புறத்தில் என்று இண்டு இடுக்கெல்லாம் எழுத்து. பக்கம் போகப் போக எழுத்து பொடிப்பொடியாகிக்கொண்டே வந்திருந்தது. ஒரு பக்கம் மட்டும் அச்சாகியிருந்த பழைய தாள்களை அடுக்கித் தைத்து, நாலைந்து நோட்டுகளாக மேசை ஓரத்தில் அவர் வைத்திருந்தார். "கணக்கைப் போட்டுப் பார்க்க யாருக்கு வேணுமோ எடுத்துக்கோங்க" என்று பொதுவாகச் சொன்னார். புது நோட்டு வைத்திருந்த இரண்டு பிள்ளைகள் போய் எடுத்தார்கள். அதற்கு அப்புறம்தான் அவன் எழுந்து போனான்.

பிறகு அவரிடம் கேட்டேன். "பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுத்திருந்தா வாங்கியிருக்க மாட்டான். நானும் வாங்கினதில்ல" என்றார். அதற்கு மேல் விளக்கம் இல்லை.

என் கையில் இருந்த மதிப்பீட்டுப் படிவத்தில் இதை எழுத இடம் இல்லை. "கற்றல் துணைக்கருவிகளைப் பயன்படுத்துகிறார்" என்ற கட்டத்தில் வேண்டுமானால் ஒரு டிக் போடலாம். அவர் செய்தது எத்தனை நுணுக்கமான வேலை என்று பாருங்கள். நோட்டு தீரப்போகிறது என்று கண்டுபிடித்தது ஒன்று. "மறந்துட்டேன்" என்ற பொய் எதைக் காப்பாற்றுகிறது என்று புரிந்துகொண்டது இன்னொன்று. அந்த மானத்துக்குப் பங்கம் வராமல் உதவி போய்ச் சேர வழி செய்தது மூன்றாவது. இரக்க குணம் இருக்கும் எவரும் முதலாவதைக் கற்றுக்கொள்ளலாம். மற்ற இரண்டும் அவருக்குத் தன் சிறுவயதிலிருந்து வந்தவை.

ஏழைக் குழந்தையை எளிதில் அடையாளம் கண்டுவிடலாம் என்று உங்களில் பலர் நினைக்கிறீர்கள். கிழிந்த உடை, வாடிய முகம் என்று ஒரு படம் நம் எல்லார் மனத்திலும் இருக்கிறது. அது எவ்வளவு பொய்யான படம் என்பதற்கு ஒரு நல்ல சாட்சி இருக்கிறது. பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யூவின் தந்தை முதல் உலகப் போரில், 1914இல், மார்ன் சண்டையில் பட்ட காயத்தால் இறந்தார். அல்ஜீரியாவின் அல்ஜியர்ஸ் நகரில் தாய் வீட்டு வேலைகள் செய்து பிள்ளைகளை வளர்த்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. காது சரியாகக் கேட்காது. தொடக்கப் பள்ளியில் காம்யூவுக்கு ஆசிரியராக வந்தவர் லூயி ஜெர்மேன், அதே போரில் இருந்து உயிரோடு திரும்பியவர். தந்தையைப் போரில் பறிகொடுத்த பையன்கள்மீது அவருக்குத் தனிப் பரிவு இருந்தது. காம்யூவுக்குக் காசு வாங்காமல் பாடம் சொல்லிக் கொடுத்தார். சீக்கிரம் வேலைக்கு அனுப்பிவிட நினைத்த பாட்டியிடம் பேசி, உதவித்தொகைத் தேர்வு எழுத வைத்தார். 1957இல் நோபல் பரிசு கிடைத்ததும், தாய்க்கு அடுத்தபடியாக நினைவுக்கு வந்தது நீங்கள்தான் என்று காம்யூ அவருக்கு எழுதிய கடிதத்தைப் பலர் மேடைகளில் படித்துக் கேட்டிருப்பீர்கள்.

ஜெர்மேன் 1959இல் காம்யூவுக்கு எழுதிய கடிதத்தை யாரும் மேடையில் படிப்பதில்லை. உன் குடும்பத்தின் வறுமை எனக்கு அப்போது தெரியாது, உதவித்தொகைக்காக உன் அம்மா என்னைப் பார்க்க வந்தபோதுதான் லேசாகப் புரிந்தது, நீயும் உன் அண்ணனும் எப்போதும் ஒழுங்காக உடுத்தித்தான் வந்தீர்கள் என்ற பொருளில் அதில் எழுதியிருக்கிறார். அத்தனை அக்கறையுள்ள ஆசிரியர், தினமும் பார்த்த பையன். அப்படியும் தெரியவில்லை. இதில் ஜெர்மேனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. போரில் அவர் பெற்ற அனுபவம் அப்பா இல்லாத பையனைப் பார்க்கக் கற்றுக்கொடுத்திருந்தது. வறுமையை மறைக்கத் தெரிந்த ஒரு தாயின் கைவேலையைப் பார்க்க அது கற்றுக்கொடுக்கவில்லை. ஒருவர் பட்ட பாடு அவருக்கு எல்லாவற்றையும் கற்றுத் தந்துவிடாது. எதைக் கற்றுத் தந்ததோ அதைத்தான் தரும். ஆகவே "கஷ்டப்பட்டு வந்தவர்" என்று பொத்தாம்பொதுவாக மதிப்பெண் போடாதீர்கள். எந்தக் கஷ்டம், அதிலிருந்து என்ன தெரிந்துகொண்டார் என்று கேளுங்கள்.

பாடம் நடத்தும் விதத்திலும் இது வேலை செய்கிறது. பிரேசிலின் ரெசிஃபி நகரில் 1921இல் பிறந்த கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரேயின் குடும்பம் ஓரளவு வசதியாக இருந்தது. 1929ஆம் ஆண்டின் பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு நொடித்துப்போனது. பள்ளியில் அவர் பின்தங்கினார். படிப்பில் விருப்பம் இல்லாமலோ மண்டையில் ஏறாமலோ அல்ல, பசியால்தான் எதுவும் புரியவில்லை என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். வயது வந்தவர்களுக்கு எழுத்தறிவு கொடுக்கப் போனபோது, இவர்கள் மூளை காலியாக வந்திருக்கிறார்கள் என்ற எண்ணமே அவரிடம் இல்லை. அவர்கள் அன்றாடம் புழங்கும் சொற்களில் இருந்தே எழுத்தைத் தொடங்கினார். 1963இல் அங்கிகோஸ் என்ற சிற்றூரில் சுமார் 300 தொழிலாளர்களுக்கு ஏறக்குறைய 40 மணி நேர வகுப்புகளில் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தது அந்த முறை. எழுதப் படிக்கத் தெரிந்தால்தான் அந்த நாட்டில் அன்று ஓட்டு உண்டு. அடுத்த ஆண்டே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, அவரைச் சிறையில் போட்டது, பிறகு அவர் நாட்டை விட்டே போக வேண்டியதாயிற்று.

அதே ரெசிஃபியில் நடந்த ஓர் ஆய்வு 1985இல் வெளியானது. தெருவில் பொருள் விற்கும் ஐந்து பிள்ளைகளிடம் ஆய்வாளர்கள் வாடிக்கையாளர்களைப் போலப் போய்க் கணக்குக் கேட்டார்கள். 98 சதவீதம் சரியான விடை. அதே கணக்குகளைத் தாளில், பள்ளிக்கூட முறையில் கொடுத்தபோது சரியானவை 37 சதவீதம்தான். தேங்காய் விற்ற 12 வயதுப் பையனிடம், ஒன்று 35 என்றால் பத்து எவ்வளவு என்று கேட்டார்கள். மூன்று 105, இன்னும் மூன்று சேர்த்தால் 210, இன்னும் நான்கு வேண்டும் என்று கூட்டிக்கொண்டே போய் 350 என்றான். பத்தால் பெருக்கப் பூஜ்ஜியம் சேர்த்தால் போதும் என்று பள்ளிக்கூடம் சொல்லும். அவன் வழி சுற்றுவழிதான், ஆனால் ஒவ்வோர் அடியும் அவனுக்குப் புரிந்திருந்தது. இந்தப் பையன் உங்கள் பள்ளிக்கு வந்தால் உங்கள் ஆசிரியர் அவனை எந்த வரிசையில் உட்கார வைப்பார்? கடையில் கல்லாவில் நின்று வளர்ந்த ஆசிரியர் என்றால், எழுத்துத் தேர்வு முடிவைப் பார்த்த பிறகும் "இரு, வாயால சொல்லு பார்ப்போம்" என்பார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவாவது அப்படிப்பட்டவர்களில் சிலரையேனும் நீங்கள் எடுக்க வேண்டும்.

இனி உங்கள் விண்ணப்பப் படிவத்துக்கு வருகிறேன். இப்படி ஒருவர் விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயது 20. கற்பித்த அனுபவம் இல்லை. 14 வயது வரை பள்ளிக்கூட வாசலையே மிதித்ததில்லை. கண்பார்வை குறைவு. முந்தைய முகவரி: அரசு ஏழைகள் விடுதி. கூடவே, பள்ளியில் படித்த காலத்தில் ஆசிரியர்களிடம் எதிர்த்துப் பேசியவர் என்ற பெயர். இணையத்தில் விண்ணப்பித்தால் உங்கள் மென்பொருள் இவரை முதல் சுற்றிலேயே கழித்துக்கட்டியிருக்கும்.

இவர்தான் ஆன் சல்லிவன். சிறுவயதில் கண்ணோயால் பார்வை மங்கியது. தாய் இறந்தார், தந்தை கைவிட்டார். தம்பியோடு மாசசூசெட்ஸின் டூக்ஸ்பரி ஏழைகள் விடுதிக்கு அனுப்பப்பட்டார். தம்பி அங்கே சில மாதங்களிலேயே இறந்துபோனான். ஒருநாள் விடுதியைப் பார்வையிட அதிகாரிகள் வந்தார்கள். சரியாகக் கண் தெரியாத அந்தப் பெண், அந்தக் கூட்டத்தின் பின்னாலேயே போய், எனக்குப் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்று கத்தினார். 1880இல் பாஸ்டனின் பெர்க்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளியில் இடம் கிடைத்தது. 1887 மார்ச் 3 அன்று, ஏழு வயதை எட்டவிருந்த ஹெலன் கெல்லரின் வீட்டுக்கு ஆசிரியையாகப் போய்ச் சேர்ந்தார்.

சொல் என்றால் என்ன என்று ஹெலனுக்கு முதன்முதலாகப் புரிந்த தண்ணீர்க் குழாயடிச் சம்பவம் எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். அதற்கு முன்பு நடந்த ஒரு காலை உணவுதான் எனக்கு முக்கியம். பார்வையும் கேட்கும் திறனும் இல்லாத குழந்தை என்று வீட்டார் ஹெலனை எதுவும் சொல்வதில்லை. மேசையைச் சுற்றி வந்து அவரவர் தட்டில் கைவிட்டு வேண்டியதை எடுத்துக்கொள்வாள். தன் தட்டில் கை வைக்க சல்லிவன் விடவில்லை. ரகளை. வீட்டார் எல்லாரும் எழுந்து வெளியேற, சல்லிவன் கதவைப் பூட்டிக்கொண்டு திரும்ப வந்து சாப்பிட உட்கார்ந்தார். ஹெலன் தரையில் புரண்டு உதைத்தாள், நாற்காலியை இழுத்தாள், கிள்ளினாள். கிள்ளும்போதெல்லாம் சல்லிவன் அறைந்தார் (இதை நான் மறைக்கப்போவதில்லை, அவரே தன் கடிதத்தில் எழுதியதுதான்). பிறகு ஹெலன் ஒவ்வொரு நாற்காலியாகத் தடவிப் பார்த்தாள். யாரும் இல்லை என்று தெரிந்ததும் குழம்பிப்போய்த் தன் இடத்துக்கு வந்து கையால் சாப்பிட ஆரம்பித்தாள். சல்லிவன் கரண்டியைக் கொடுத்தார். தூக்கி எறிந்தாள். எழுப்பிக் கூட்டிப்போய் அவளையே எடுக்க வைத்தார். கடைசியில் கரண்டியால் சாப்பிட்டாள். அப்புறம் துணியை மடித்து வைப்பதற்கு இன்னொரு போராட்டம், அதற்கு மேலும் ஒரு மணி நேரம். அது முடிந்ததும் சல்லிவன் தன் அறைக்குப் போய்ப் படுக்கையில் விழுந்து அழுது தீர்த்தார்.

அந்த வீட்டில் ஹெலன்மீது பாசத்துக்குக் குறைவே இல்லை. அவளால் முடியும் என்ற எண்ணம்தான் இல்லை. சல்லிவனுக்கு அது இருந்தது, அதை அவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பாதிக் கண்ணோடு, எழுதத் தெரியாமல் பள்ளிக்குள் நுழைந்து, வகுப்பில் முதல் மாணவியாக 1886இல் வெளியே வந்தவர் அவர். பரிதாபம் ஒரு குழந்தையை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை டூக்ஸ்பரியில் பார்த்திருந்தார். எனக்குத் தெரிந்தவரை, இப்படி வளர்ந்த ஆசிரியர்களிடம் அடிக்கடி தென்படும் குணம் இதுதான்: மற்றவர்கள் "ஐயோ பாவம்" என்று விட்டுக்கொடுக்கும் இடத்தில் இவர்கள் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். வெளியிலிருந்து பார்க்கக் கடுமையாகத் தெரியும். மேற்பார்வையாளர்கள் புகார் எழுதுவார்கள். அந்தக் கடுமை குழந்தையை மேலே ஏற்றுகிறதா அமுக்குகிறதா என்று நின்று பார்க்கப் பொறுமை வேண்டும். இரண்டும் நடக்கும்.

இரண்டாவதைப் பற்றியும் பேசியாக வேண்டும். இல்லாவிட்டால் இந்த மடல் ஒரு பக்தி மலராகிவிடும்.

"நான் படாத கஷ்டமா? உனக்கென்ன வந்தது?" இந்த வாக்கியத்தை வகுப்பறைகளில் நான் நிறையக் கேட்டிருக்கிறேன். சொல்பவர்கள் பெரும்பாலும் உண்மையாகவே கஷ்டப்பட்டவர்கள். நான் தெரு விளக்கில் படித்தேன், நீ ஏன் படிக்க மாட்டாய்? நான் அடி வாங்கித்தான் உருப்பட்டேன், உனக்கும் அதுதான் மருந்து. தன் கதையையே அளவுகோலாக்கிக்கொண்டு, அதற்குள் அடங்காத குழந்தையைச் சோம்பேறி என்று ஒதுக்குவது இவர்களிடம் வரக்கூடிய நோய். தப்பி வந்த ஒருவருக்கு, தன்னோடு இருந்து தப்பாமல் போன பத்துப் பேரின் நினைவு இருந்தால் இந்த நோய் வராது. அந்தப் பத்துப் பேரை மறந்து, எல்லாம் என் உழைப்பு என்று நம்பிவிட்டால் கண்டிப்பாக வரும். இன்னொரு வகையும் உண்டு. தன் பழைய காயத்தை ஒவ்வொரு குழந்தையிடமும் தேடுபவர்கள். சும்மா தூக்கம் வராமல் களைத்து வந்த பிள்ளையிடமும் ஒரு துயரக் கதை இருந்தே ஆக வேண்டும் என்று துருவுவார்கள். அந்தப் பிள்ளைக்கு அது பெரும் தொல்லை.

இதற்கு என்ன செய்வது? யானுஷ் கோர்ச்சாக் செய்ததில் எனக்கு ஒரு பதில் தெரிகிறது. போலந்தின் வார்சா நகரில் வழக்கறிஞராக இருந்த அவருடைய தந்தை மனநோய்க்கு ஆளாகி மருத்துவமனையிலேயே காலம் கழித்து 1896இல் இறந்தார். குடும்பத்தின் பணம் கரைந்தது. பள்ளியில் படிக்கும்போதே கோர்ச்சாக் மற்றப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துச் சம்பாதித்தார். குழந்தை மருத்துவரான பிறகு, 1912இல் வார்சாவில் யூத அநாதைக் குழந்தைகளுக்கான இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். அங்கே குழந்தைகளே நீதிபதிகளாக அமரும் நீதிமன்றம் ஒன்று இருந்தது. அதன் சட்டத் தொகுப்பில் முதல் 99 பிரிவுகளும் மன்னிக்கவோ வழக்கைத் தள்ளவோதான். இல்லத்தில் வேலை செய்யும் பெரியவர்கள் மீதும் அங்கே வழக்குப் போடலாம். அரை ஆண்டில் ஐந்து முறை கோர்ச்சாக் தன்மீதே வழக்குக் கொண்டுபோனார். ஒரு பையனைக் காதில் அறைந்ததற்காக, இன்னொருவனைப் படுக்கை அறையிலிருந்து வெளியே தள்ளியதற்காக, ஒரு சிறுமிமீது திருட்டுச் சந்தேகம் சொன்னதற்காக என்று. குழந்தைகள்மீது அவ்வளவு அன்பு கொண்டவர் என்று உலகம் கொண்டாடும் மனிதர், தன் அன்பைத் தானே நம்பவில்லை. தன்னைக் கேள்வி கேட்க ஓர் அமைப்பை உருவாக்கி, அதன் முன்னால் போய் நின்றார். சொந்த அனுபவத்தை நம்பி வேலை செய்யும் எவருக்கும் அப்படி ஓர் இடம் வேண்டும்.

அந்த இல்லத்தை அவர் மட்டும் நடத்தவில்லை. ஸ்டெஃபானியா வில்சின்ஸ்கா என்ற பெண்மணிதான் அன்றாடம் அதை ஓட்டியவர். முதல் உலகப் போரில் கோர்ச்சாக் ராணுவ மருத்துவராகப் போயிருந்த ஆண்டுகளில் முழுப் பொறுப்பும் அவருடையது. அவர் வசதியான குடும்பத்துப் பெண், பெல்ஜியத்தில் படித்தவர். வறுமையை அனுபவித்து வந்தவர்கள்தான் இந்த வேலைக்கு லாயக்கு என்று யாராவது சொன்னால் நான் அவர் பெயரைத்தான் சொல்வேன். 1942 ஆகஸ்ட் மாதம் நாஜிகள் சுமார் 200 குழந்தைகளை ட்ரெப்ளிங்கா கொலை முகாமுக்கு அனுப்பியபோது இருவருமே குழந்தைகளோடு போனார்கள். ஓர் ஆசிரியர் குழுவில் அவரும் வேண்டும், இவரும் வேண்டும். இப்போதைய உங்கள் பட்டியல்களில் ஸ்டெஃபானியாக்கள் மட்டுமே நிறைந்திருப்பதுதான் என் மனக்குறை.

ஏன் அப்படி நிறைந்திருக்கிறார்கள்? வாசலைக் காப்பவர்கள் எப்போதும் எழுத்து கைவந்தவர்கள். பாதியில் நின்ற படிப்பு, இடைவெளி விழுந்த ஆண்டுகள், தாமதமாக வந்த பட்டம் எல்லாமே அவர்கள் கண்ணில் குறைகள். தாமதமாகக் கற்பதில் ஒரு லாபம் இருப்பதைப் பார்க்க மாட்டார்கள். சாவித்திரிபாய் ஃபுலேவுக்கு ஒன்பது வயதில் திருமணம் ஆனபோது எழுதப் படிக்கத் தெரியாது. கணவர் ஜோதிராவ் கற்றுக்கொடுத்தார். 1848இல் புனேவில் பெண் குழந்தைகளுக்குப் பாடம் நடத்தத் தொடங்கினார். வழியில் சாணியும் சேறும் வீசினார்கள். மாற்றுப் புடவை ஒன்றைக் கையோடு கொண்டுபோனார். இது பலமுறை சொல்லப்பட்ட கதை. அந்தப் பள்ளிகளில் படித்த முக்தா சால்வே அதிகம் சொல்லப்படாதவர். தீண்டத்தகாதது என்று ஒதுக்கப்பட்ட மாங் சாதியில் பிறந்த 14 வயதுப் பெண். தன் மக்களும் அதே போல ஒதுக்கப்பட்ட மகர் சாதி மக்களும் படும் துயரத்தைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1855இல் 'ஞானோதயா' இதழில் அச்சானது. வேதம் பிராமணருக்கு மட்டும்தான் என்றால் எங்கள் மதம் எது என்று அதில் கேட்டார். சாவித்திரிபாய் மாங் சாதி அல்ல, முக்தாவின் வாழ்க்கை அவருடைய வாழ்க்கையும் அல்ல. ஆனால் எழுத்து மறுக்கப்பட்டால் எப்படி இருக்கும் என்பது அவருக்கு நினைவிருந்தது. மூன்று வயதில் எழுத்துக் கற்ற ஒருவருக்கு அந்த நினைவு இருக்க வழியில்லை.

இப்படிப்பட்டவர்களை உள்ளே விடாமல் இருப்பது ஒரு பிழை என்றால், இருந்தவர்களை வெளியே அனுப்பியது இன்னொரு வரலாறு. அமெரிக்காவில் உச்ச நீதிமன்றத்தின் 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பு, பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்றது. அருமையான தீர்ப்பு. அதை நிறைவேற்றிய விதத்தில், 1965க்குள் தெற்கு மற்றும் எல்லையோர மாநிலங்கள் 17இல் சுமார் 38,000 கறுப்பின ஆசிரியர்களும் பள்ளி நிர்வாகிகளும் வேலை இழந்தார்கள். பிள்ளைகளை ஒன்றாக உட்கார வைத்தார்கள், அந்தப் பிள்ளைகளின் வாழ்க்கை தெரிந்த ஆசிரியர்களைத் தேவையில்லை என்று அனுப்பிவிட்டார்கள். எதை இழந்தார்கள் என்பதை இப்போதுதான் அளக்கிறார்கள். வட கரோலினா மாணவர்களைப் பின்தொடர்ந்து 2017இல் வெளியான ஓர் ஆய்வில், 3 முதல் 5ஆம் வகுப்புக்குள் ஒரே ஒரு கறுப்பின ஆசிரியரிடமாவது படித்த மிக ஏழைக் கறுப்பினச் சிறுவர்கள், உயர்நிலைப் பள்ளியைப் பாதியில் விடுவது 39 சதவீதம் குறைந்திருந்தது. நிறம் ஒன்றானால் வாழ்க்கையும் ஒன்றாகிவிடாது, தெரியும். ஆனாலும் ஒரே ஓர் ஆண்டு, ஒரே ஓர் ஆசிரியர் என்பதை யோசித்துப் பாருங்கள்.

இந்த எண்ணைப் பார்த்ததும் உங்களுக்கு வரக்கூடிய யோசனையும் எனக்குத் தெரியும். "அப்படியானால் முரட்டுப் பிள்ளைகளை எல்லாம் அவர் வகுப்பிலேயே போட்டுவிடலாம், அவருக்குத்தான் இவங்களைப் புரியும்." தயவுசெய்து வேண்டாம். அமெரிக்கக் கல்விச் செயலராக இருந்த ஜான் கிங் 2016இல் எழுதியது இதைத்தான்: கறுப்பின ஆசிரியர்கள்மீது, குறிப்பாக ஆண்கள்மீது, கண்ணுக்குத் தெரியாத ஒரு வரி விழுகிறது. ஒழுங்கு கெட்ட பிள்ளைகளைச் சமாளிக்கும் வேலை அவர்கள் தலையில் கட்டப்படுகிறது, அதனாலேயே அவர்கள் சோர்ந்து வெளியேறுகிறார்கள். அவரும் சிறுவயதில் பெற்றோரை இழந்தவர், ஆசிரியர்களால் பிழைத்தேன் என்று சொல்பவர். நானும் இதைப் பல பள்ளிகளில் கண்ணால் பார்க்கிறேன். கூடுதல் வேலை, சம்பளம் மட்டும் அதே சம்பளம். ஆண்டு விழாவில் நன்கொடையாளர்கள் முன்னால் அவரை மேடையேற்றி வாழ்க்கைக் கதையைச் சொல்ல வைப்பது வேறு. குழந்தைகள் எதிரில் அதைச் சொல்ல அவருக்கு விருப்பமா என்று ஒருவரும் கேட்பதில்லை.

என் கோரிக்கைகள் பெரியவை அல்ல. நேர்முகத் தேர்வில் வாழ்க்கைக் கதையைச் சொல்லச் சொல்வதை விட்டுவிடுங்கள், அது அவருடைய சொந்த விஷயம். அதற்குப் பதிலாக ஒரு குழந்தையின் நோட்டைக் கொடுங்கள், உண்மையான நோட்டு. "இதைப் பார்த்தால் இந்தப் பிள்ளையைப் பற்றி என்ன தோன்றுகிறது? நாளைக் காலையில் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். எதிரே இருப்பவர் எங்கே வளர்ந்தவராக இருந்தாலும் தெரிந்தது வெளியே வந்துவிடும். வெறும் கஷ்டம் மட்டும் பட்டு எதையும் கவனிக்காதவரும் வெளிப்பட்டுவிடுவார். படிப்பில் விழுந்த இடைவெளியை மென்பொருள் கழித்துக்கட்டாமல், ஒரு மனிதர் படிக்கட்டும்.

வேலையில் சேர்ந்த பிறகு, மாதம் ஒருமுறையாவது அவர் தன் வகுப்பைப் பற்றி மனம் விட்டுப் பேச ஓர் ஆளும் நேரமும் கொடுங்கள். வேலை நேரத்துக்குள் கொடுங்கள். "எந்தப் பிள்ளைமேல எரிச்சல் வருது? ஏன் அவன்மேல மட்டும்?" என்று கேட்கத் தெரிந்த ஆளாக இருக்கட்டும். உளவியல் பட்டம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை, மேலதிகாரியாக மட்டும் இருக்கக் கூடாது. கடினமான வகுப்பை ஒருவரிடம் கொடுத்தால் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள் அல்லது சம்பளத்தைக் கூட்டுங்கள். இரண்டும் முடியாது என்றால் அந்த வகுப்பைச் சுற்றில் விடுங்கள், எல்லாரும் எடுக்கட்டும்.

பயிற்சி நிறுவனங்களுக்கு ஒன்று மட்டும். இந்த ஆசிரியர்களைப் பயிற்சியில் உட்கார வைத்து "விளிம்புநிலைக் குழந்தையைப் புரிந்துகொள்வது எப்படி" என்று ஸ்லைடு போட்டுக் காட்டுகிறீர்கள். அந்த வகுப்பை அவர்களில் ஒருவரை எடுக்கச் சொல்லுங்கள், அதற்கு உரிய பயிற்றுநர் ஊதியத்தையும் கொடுங்கள். நான் சொன்ன ஆசிரியையிடம் கேட்டுவிட்டேன். தன் கதையைச் சொல்ல மாட்டாராம். நோட்டுகளைப் பற்றி என்றால் பேசத் தயாராம்.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியப் பயிற்றுநர்